தலை இடிக்காத லாரி

அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்துக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரம். நிலைப்படிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் அவளுக்கும் பிறவிப் பகை. நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். பழையது வற்றுவதற்குள் புதுசு வந்துவிடும்.

தம்பி அதற்கு நேர்மாறு. இருவரும் தெருவில் சேர்ந்து நடந்தால் ஆச்சரியக்குறியும் காற்புள்ளியும் கைகோத்துப் போவது போலிருக்கும். அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இவள் எட்டாவதில் கணக்குப் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தாள். படிப்பை நிறுத்த இதைவிட நல்ல சாக்கு அகப்படாது என்று நினைத்தாளோ என்னவோ, விட்டுவிட்டாள். அவனை இடுப்பில் வைத்தே வளர்த்தாள். அவள் எங்காவது தலையை இடித்துக்கொண்டால் அவன் உள்ளங்கையை அங்கே அழுத்தித் தேய்த்து, கன்னம் உப்ப ஊதிவிடுவான். அவளுக்கு ஊதிவிட வேறு ஆள் கிடையாது.

வளர்ந்ததும் அவனை மெக்கானிக் வேலைக்குச் சேர்த்தாள். தான் தண்ணீர் லாரி ஓட்டினாள். சைக்கிளே திரும்பத் தயங்கும் சந்துக்குள் நிறை வண்டியைப் பின்பக்கமாக விட்டு எடுப்பாள். சுவரில் சுண்ணாம்புகூட உதிராது. ஆனால் வண்டி முதலாளியுடையது. சீட்டும் முதலாளியின் உயரத்துக்குப் போட்டது. அவள் முழங்கால் இரண்டும் நாள் முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும். தனக்கென்று ஒரு லாரி வேண்டும், அதில் காலை நீட்டி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அவள் ஆசை மொத்தமே இவ்வளவுதான். அதற்குள் நரை எட்டிப் பார்த்துவிட்டது.

ராணுவம் கழித்துப்போட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது அவளும் போய் நின்றாள். அங்கே மேற்பார்வை பார்த்தவர் நல்ல மனுஷன்.

"டாஷ்போர்டுல ஒட்டியிருக்கிற பித்தளைத் தகட்டை நம்பாதம்மா. அது ராணுவப் பட்டறையில பிரிச்சு மறுபடி கட்டின வருஷம். வண்டி பொறந்த வருஷம் சேஸிஸ்லதான் இருக்கும். குனிஞ்சு பாரு, நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம்."

சேஸிஸ் என்பது லாரியின் முதுகெலும்பு. இன்ஜினும் பாடியும் அந்த இரும்புச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். முப்பது வயது தாண்டிய வண்டியை வாடகை ஓட்டத்துக்குப் பதிவு செய்ய மாட்டார்கள். அவள் அடியில் நுழைந்து, துருவைச் சுரண்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. இன்னும் ஓடலாம்! அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தாளே, மடேர். ராணுவத்தில் எவனோ வாளி மாட்டுவதற்காகச் சட்டத்தில் ஒரு கொக்கியைப் பற்றவைத்து வைத்திருந்தான். ரத்தம் வந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஏலம் கேட்டாள். எதிர்த்துக் கேட்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. கையில் கிடைத்த ரசீதில் ஏல வரிசை எண்ணும் 'லாரி, ஒன்று' என்பதும் மட்டும் இருந்தன. ராணுவத்துக்கு அதற்கு மேல் எழுத நேரமில்லை.

லாரியைத் தம்பியின் பட்டறையில் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டார்கள். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே அதே பச்சையில் இன்னொரு ராணுவ லாரி வந்து நின்றது. அது தம்பிக்கு; அவன் மாமனார் எங்கோ பழைய இரும்புக் கடையில் பிடித்துக் கொடுத்தது. இரண்டும் பிரிந்து கிடந்தபோது எது யாருடைய எலும்பு என்று தம்பிக்குத்தான் தெரியும். அவள் பகலெல்லாம் தண்ணீர் லாரியில் இருந்தாள். சாயங்காலம் வந்து பெயிண்ட் அடிப்பாள். அடியில் போனால் கொக்கியில் இடித்துக்கொள்வாள்.

"டேய், இந்தச் சனியனை வெட்டி எடுடா."

"எந்தக் கொக்கி அக்கா? நான் பலகையில படுத்துக்கிட்டே போறேன், எனக்கு ஒண்ணும் தட்டலையே."

"உனக்கு எங்கடா தட்டும்? நீ நின்னுக்கிட்டே போனாலும் தட்டாது."

அவன் சிரித்தான். வெட்டுகிறேன் என்றான். சீட்டை மட்டும் அவள் கேட்டபடி கடைசிவரை பின்னால் தள்ளி, நகராதபடி பற்றவைத்துக் கொடுத்தான். அவன் உட்கார்ந்து பார்த்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை; அந்தரத்தில் தொங்கியது. அக்காளும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"வேலைய விட்ருக்கா. இனிமே நீயே முதலாளி" என்றான்.

விட்டுவிட்டாள்.

பதிவு அலுவலகத்து மைதானத்தில் ஆய்வாளர் லாரியை இரண்டு சுற்று சுற்றினார். தொப்பையும் கம்பிப் பிரஷ்ஷும் அவருக்கு முன்னால் நடந்தன. இன்ஜினைப் பார்த்தார், கண்ணாடியின் மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார்.

"இன்ஜின் ஒரு வருஷம், கண்ணாடி ஒரு வருஷம், அச்சு ஒரு வருஷம். உங்க வண்டிக்கு எத்தனை பொறந்தநாள்மா?"

"கட்டின வண்டி சார், அப்படித்தான் இருக்கும். சேஸிஸ் தொண்ணூத்தெட்டு. அதைப் பாருங்க."

அவர் முக்கி முனகி அடியில் போய்ப் பிரஷ்ஷால் தேய்த்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"எண்பத்தொண்ணுன்னு இருக்கே."

"இருக்காது சார்."

"நான் என்ன விளையாடவா அடியில போனேன்? நீங்களே பாருங்க."

அவள் நுழைந்தாள். எண்பத்தொன்றுதான். அடித்த எழுத்தில் எந்தக் கோளாறும் இல்லை. மெதுவாக நிமிர்ந்தாள். தலை இடிக்கவில்லை.

பரவாயில்லையே, சொன்னதைக் கேட்டு வெட்டிவிட்டானே என்று அந்த நேரத்திலும் மனசு தம்பியைத்தான் மெச்சியது. பெற்ற மனசு பித்து என்பார்கள். பெறாமலே வளர்த்த மனசு அதற்கும் ஒருபடி மேல். வெட்டிய இடத்தை விரலால் தடவித் தேடினாள். பற்றவைத்த கொக்கியை வெட்டினால் சொரசொரவென்று ஒரு தழும்பாவது இருக்கும். இரும்பு வழவழவென்று இருந்தது. இந்தச் சட்டத்தில் எந்தக் காலத்திலும் கொக்கி இருந்ததில்லை.

அவள் வெளியே வர நேரமாயிற்று. ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"உள்ளேயே தூங்கிட்டீங்களாம்மா?"

"இல்ல சார். முழிச்சுக்கிட்டேன்."

"நான் எண்பத்தொண்ணுதான் எழுத முடியும். வாடகைக்கு ஓட்ட முடியாது."

"இப்ப எழுதாதீங்க சார். வண்டியைச் சரிபண்ணிட்டு வர்றேன்."

வண்டிக்கு வயசைச் சரிபண்ணுகிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். அவர் பேனாவை மூடிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

பட்டறையில் தம்பியின் லாரி மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. மறுநாள் காலையில் அதற்குப் பதிவு. தம்பி டயருக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, முடிஞ்சுதா?"

நேராக அவன் லாரிக்கு அடியில் போனாள். நம்பரைத் தேடவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஏலத்தில் அன்று நிமிர்ந்ததைப் போலவே நிமிர்ந்தாள்.

மடேர்.

அவ்வளவு வலி அவளுக்கு எந்தக் கொக்கியும் தந்ததில்லை.

வெளியே வந்தபோது நெற்றியில் ரத்தம் வடிந்தது. தம்பி பதறி எழுந்து, பழக்க தோஷத்தில் உள்ளங்கையை உயர்த்திக்கொண்டு வந்தான். அவள் ஓரடி பின்னால் போனாள். கை பாதியிலேயே நின்றது.

"அக்கா, சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? எனக்குத் தெரிஞ்ச பிறகா?"

"மாமனார் பிடிச்சுக் குடுத்த வண்டி எண்பத்தொண்ணுன்னு பிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டியைப் பதிவு பண்ணலைன்னா அந்த வீட்ல என்னை மனுஷனாவே மதிக்க மாட்டாங்க. அதான் ரெண்டு சேஸிஸையும்…" அவன் தரையைப் பார்த்தான். "உனக்கென்னக்கா, நீ யார் வண்டியையும் ஓட்டிப் பொழைச்சுக்குவ."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சட்டத்தை மாற்றியதைக்கூட திருட்டு என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள்.

"வேலைய விடுன்னு சொன்னது யாருடா?"

தம்பி டயர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எந்தச் சட்டம் என் வண்டிக்குக் கீழ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான சொன்ன?"

டயர்க் கறுப்பு அவன் விரல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரப் பயல். சட்டத்தின் எண்ணைப் பார்த்தான், நீளத்தைப் பார்த்தான், துளைகளைப் பார்த்தான். அக்காளின் தலை இடிக்கிற இடத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த உயரத்துக்கு அவன் வந்ததே இல்லை.

அவள் தன் லாரியில் ஏறினாள். பட்டறை வாசலில் இரண்டு தூண்கள், அவற்றுக்கு நடுவில் ஒரே வழி. லாரியைக் குறுக்கே திருப்பி, முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்து, இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் இடையில் கொண்டுபோய்ச் செருகினாள். இரண்டு பக்கமும் ஒரு விரல்தான் நுழையும். வேறு யார் எடுத்தாலும் தூண் போகும், தூணோடு கூரையும் போகும். தம்பியின் மாப்பிள்ளை லாரி உள்ளே மாட்டிக்கொண்டது.

"அக்கா! நாளைக்கு நான் எப்படி வெளிய எடுக்கிறது?"

"என் சட்டத்தை என் வண்டிக்கு மாத்து. மாத்திட்டுக் கூப்பிடு, நான் வந்து எடுத்துத் தர்றேன்."

"ஒரு ராத்திரில எப்படிக்கா?"

"அவசரம்னா சாவி வண்டியிலயேதான் இருக்கு. எட்டுனா எடுத்துக்க."

அவள் இறங்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் லாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவன் சீட்டின் நுனிக்கு வந்து, காலை நீட்டி நீட்டிப் பார்ப்பான். கால் அந்தரத்தில் தொங்கும். அதை நினைத்ததும் பழைய சிரிப்பு தொண்டைவரை வந்தது. வாய்க்கு வரவில்லை.

தெருக்கோடியில் நின்று தன் கையாலேயே நெற்றியைத் தேய்த்தாள். ஊதிப் பார்த்தாள். தன் நெற்றியைத் தானே ஊதிக்கொள்ள முடியாது. காற்றெல்லாம் மூக்கு நுனியோடு போய்விட்டது.

பட்டறைக்குள் ஸ்பானர் சட்டத்தின் முதல் போல்ட்டைக் கழற்றும் சத்தம் ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.