சாம்பாருக்கு வாங்கிய பரங்கிக்காய்

கடல் கடந்து நாங்கள் குடியேறிய வெரிபீயில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான் வளர்த்தது எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. கடையில் ஸ்வான் பிளான்ட் என்பார்கள். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த வகைச் செடியைத் தவிர வேறெந்த இலையையும் தொடாது. பூச்சியும் செடியும் இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவைதான். விதை பறந்து கண்ட இடத்தில் முளைத்துவிடக் கூடாதென்று காய்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டிவைப்பேன். கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். இங்கே கோடை தை, மாசியில் வரும். அந்த வருடக் கோடையில்தான் முதன்முறையாகப் புழுக்கள் வந்து, கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன.

எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிக்கும் ரத சப்தமியன்று கடைக்குப் போய்த் திரும்பினால், செடி மொட்டையாக நின்றது. புழுக்கள் தின்றது போக மிச்சமிருந்த இலைகளையெல்லாம், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் பறித்து, தலைக்கு ஏழாக வைத்து, வீட்டில் எல்லோரையும் குளிக்க வைத்திருந்தார்.

"இங்க எருக்குக்கு எங்க போறதுன்னு நெனச்சேன். இத ஒடிச்சா பால் வருது!" என்றார் பெருமையாக.

"அத்தை, புழு?"

"புழுவோடயா தலையில வைப்பேன்? பத்திரமா கறிவேப்பிலைச் செடியில விட்டிருக்கேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அதுங்க வேற இலை திங்காது அத்தை. பட்டினி கெடந்தே செத்துடும்!" என்று கத்திவிட்டேன். அத்தையின் முகம் சுண்டிப்போனது. குளியலறைக்கு ஓடி, தரையில் ஒட்டிக் கிடந்த இலைகளைப் பொறுக்கி வந்தார். எல்லாம் ஷாம்பூ வாசனை.

"கழுவிக் குடுக்கலாமாம்மா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நர்சரிகளுக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு இடத்தில் செடி இருந்தது, அதுவும் பூச்சிமருந்து அடித்ததாம். அப்புறம்தான் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. நன்றாக வளர்ந்த புழுக்கள், இலை கிடைக்காதபோது, பரங்கிக்காயைத் தின்னுமாம்.

சாம்பாருக்கு வாங்கிவந்த பரங்கிக்காயை அத்தையே அப்பளம் போல மெல்லிசாகச் சீவினார். புழுக்களைக் கீற்றுகளின் மேல் விட்டோம். அவை அசையவே இல்லை. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

"அதுங்க சோத்தப் பறிச்சிட்டு நான் எப்படிம்மா சாப்பிடுவேன்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "வாம்மா, சீக்கிரம் வா!" என்று சத்தம் கேட்டது. ஓடினேன். பெரிய புழு ஒன்று கீற்றின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிச்சப் பரங்கிய சாம்பார்ல போட்டுடாதே," என்றார். "எனக்கு மோர்சோறு போதும். இப்பப் போடு, பசிக்குது."