ட்யூப்லைட் தெரியாத பஸ்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் விளக்கமாகச் சொல்லுவாள். இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த பஸ்ஸை, சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், ஜன்னல் கண்ணாடிகளைக்கூடக் கழற்றாமல், அதன் மேல் மினுக்கை மங்கவைக்கும் மேட் ஸ்ப்ரே வார்னிஷை ஒரே மூச்சில் அடித்துத் தீர்த்தவன் நான். எப்படி அடிக்கவேண்டும் என்று டப்பாவின் மேல் ஐந்து வரி எழுதியிருந்தது. ஐந்தையும் மீறியிருக்கிறேன் என்பது பிற்பாடு படித்தபோது தெரிந்தது.

பஸ் என்றால் ஒன்றரை அடி பஸ். செஞ்சியில் எனக்கு ஒரு ஃபோட்டோ ஃபிரேம் கடை இருக்கிறது, லேமினேஷனும் உண்டு. கல்யாணமோ கருமாதியோ, எங்கள் கடைக்குள் வந்த முகம் பளபளவென்று ஆகித்தான் வெளியே போகும். யாருக்காவது மேட் லேமினேஷன் போட்டுக் கொடுத்தால், "எங்க நைனா மூஞ்சில பவுடரு போட்ட மாதிரி இருக்குதே" என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். கடையில் மிச்சம் விழும் போர்டு துண்டுகளில் பஸ், லாரி என்று செய்வது என் பொழுதுபோக்கு. வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அச்சில் போடமுடியாது.

இந்த பஸ் என் மச்சானுக்காக. மனைவியின் அண்ணன். செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஓடும் தனியார் பஸ் ஒன்றை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறவர். முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல், அந்த மாதக் கடைசியோடு நிற்கப்போகிறார். நிற்கிற அன்று அவர் கையில் அவர் வண்டியையே கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நசுங்கிய பின்மூலை, கயிறு போட்டுக் கட்டிய எமர்ஜென்சி கதவு, வெயிலில் வெளுத்த பச்சைப் பட்டை என்று ஒன்று விடாமல் செய்தேன். தொழில் புத்தி விடுமா? கடைசியில் பளபளக்கிற வார்னிஷ் இரண்டு கை அடித்து, கடை மேஜையில் வைத்து, டிரிப்புக்கு நடுவில் அவரை வரவழைத்தேன்.

மச்சான் அதிகம் பேசமாட்டார். ஹாரன்தான் பேசும். குனிந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

"உங்க வண்டி மச்சான்."

"வண்டி மேல ட்யூப்லைட்டு தெரியுது பாரு."

பார்த்தேன். கடை ட்யூப்லைட் பஸ்ஸின் கூரை மேல் முழு நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"மழ பேஞ்சாகூட என் வண்டி இவ்ளோ மின்னாது. பசங்க யார்க்காவது குடு. நல்ல பொம்ம" என்று சொல்லிவிட்டு டிரிப் எடுக்கப் போய்விட்டார்.

பொம்மை. அந்தச் சொல் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல். அவலூர்பேட்டை ரோட்டில் தூரத்தில் வரும் பஸ் மின்னுவதில்லை. புழுதியும் வெயிலும் சேர்ந்து தகரத்தை அடக்கிவைத்திருக்கும். சின்னப் பொருள் மின்னினால் அது எவ்வளவு சின்னது என்பதை அந்த மினுக்கே காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருஷம் ஊரையே மினுக்கியவன் இப்போது ஒன்றரை அடியை மங்கவைக்கவேண்டும். நிற்பதற்குள் அவர் வாயாலேயே அதை 'வண்டி' என்று சொல்லவைப்பது என்று பந்தயம் கட்டினேன். எதிரில் யாரும் இல்லாததால் என்னோடேயே கட்டிக்கொண்டேன்.

மேட் வார்னிஷ் வாங்கிவந்து, நான் முதலில் சொன்ன வேலையைச் செய்தது அப்போதுதான். அந்த வெயிலில் வார்னிஷ் பஸ்ஸைப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே காற்றில் காய்ந்து, மாவாக இறங்கிவிட்டது. பச்சைப் பட்டையும் காணோம், நெற்றியில் எழுதிய பஸ் பெயரும் காணோம். ஜன்னல்கள் குளியலறை வென்டிலேட்டர் மாதிரி வெளுத்துவிட்டன.

மாடியில் வத்தல் திருப்ப வந்த மனைவி நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, பஸ்ஸு மேல கோலமாவு கொட்டிட்டீங்களா?"

"மேட் ஃபினிஷ்."

"எங்கண்ணன் பகல்லயே லைட்டு போட்டுக்கினு தான் இத்த ஓட்டணும்" என்றவள், முறத்தைத் தூக்கிப் பார்த்தாள். "வத்தலுக்கும் மேட்டு தானா?"

அன்றைய வத்தல் குப்பைக்குப் போனது. நானும் போயிருக்கவேண்டியது, மச்சான் நிற்க இன்னும் ஐந்து நாள் இருந்ததால் தப்பினேன்.

எங்களைப் போன்றவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு உண்டு. அதில் நாமக்கல்காரர் ஒருவர் லாரி மாடல்கள் செய்கிறவர். பஸ்ஸின் கோலத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். குரல் பதிவு வந்தது: "மாவு படிஞ்சிருச்சுங்களா? மேல ஒரு கை கிளாஸ், அதானுங்க பளபளா வார்னிஷ், அடிங்க, வெள்ளை போயிரும். காயட்டும். அப்பறம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே மேட்டு அடிங்க. கண்ணாடியெல்லாம் கழட்டிப் போடுங்க முதல்ல."

மினுக்கைத் தொலைக்க வந்தவனை மறுபடி மினுக்கு அடிக்கச் சொல்கிறாரே என்று சந்தேகம்தான். ஆனால் என் யோசனைகளின் லட்சணம் எனக்குத் தெரியுமாதலால் அவர் யோசனையைக் கேட்டேன். ஜன்னல்களைப் பெயர்த்தேன். பளபளப்பு வார்னிஷ் பட்டதும் வெள்ளை கரைந்து, பச்சைப் பட்டை குளித்துவிட்டு வந்த மாதிரி திரும்பி வந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். காற்று இல்லை, தரை சூடு இல்லை. டப்பாவைக் குலுக்கினேன்; உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று உருண்டது. மங்கவைக்கும் சரக்கு அடியில் தங்கிவிடுமாம், நன்றாகக் குலுக்கவேண்டுமாம். அதுவும் அந்த ஐந்து வரியில் இருந்ததுதான்.

கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "யாரு, குடுகுடுப்பக்காரனா?"

ஓர் அடி தள்ளிப் பிடித்தேன். பஸ்ஸுக்கு முன்னாலேயே அழுத்தத் தொடங்கி, அதைத் தாண்டிய பிறகுதான் விரலை எடுத்தேன். புகை மாதிரி மெல்லிசாக ஒரு கை. காயவிட்டு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஈரம் காயக் காய, ஓரத்திலிருந்து மினுக்கு அடங்கிக்கொண்டே வந்தது. போர்டு தகரமானது. நசுங்கிய மூலை நிஜமாகவே எங்கேயோ இடித்து நசுங்கின மாதிரி ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரை மேல் ஒரு பொட்டு வெளிச்சம் நிற்கவில்லை. நான் ஆடினேன். மாடியில் யாரும் இல்லையென்பதால் நன்றாகவே ஆடினேன்.

ஜன்னல்களுக்குக் கடையிலிருந்து லேமினேஷன் ஷீட்டைப் புதிதாக வெட்டிப் பொருத்தினேன். என் தொழிலுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

அடுத்த நாள் மச்சானுக்கு வார லீவு. சிங்கவரத்தில் வீட்டில் இருந்தார். பஸ்ஸை அவருக்குப் பதிலாக ஓட்டும் ஆக்டிங் டிரைவர் எடுத்துப் போயிருந்தார். காலை ஏழு மணிக்கு மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் சலித்த மண்ணைப் பரப்பி, பஸ்ஸை வைத்து, ஃபோனைச் சக்கர மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தேன். பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. படத்தில் எங்கள் பஸ் கோட்டை அடிவாரத்தில் நின்றிருந்தது. ஓடிப்போய் ஏறவேண்டும்போல் எனக்கே இருந்தது. 'மச்சான், உங்க வண்டி கோட்டைகிட்ட அனாதையா நிக்குது' என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது.

"மாப்ள, அந்த ஆக்டிங்குக்கு இன்னா தெனாவட்டு பாரு. அவலூர்பேட்டைல நிக்க வேண்டிய வண்டிய கோட்டைல போட்டுட்டு, போன் பண்ணா, 'நான் சீட்டுல தான்ணே உக்காந்துனு இருக்கறேன்'றான். கூசாம பொய் சொல்றான். நீ அங்கயே நில்லு. யாரையும் ஏற வுடாத. தோ வரேன்."

யாரையும் ஏறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றியும்விட்டேன். சிரித்து முடித்து, மூச்சு திரும்பியதும், 'கோட்டை இல்லை மச்சான், நம்ம வீட்டு மாடி' என்று இன்னொரு செய்தி அனுப்பினேன்.

பைக் சத்தம் கேட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் ஏறி வரும்போதுதான், பஸ்ஸைக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று எனக்கு உறைத்தது. பின்னாலேயே என் மனைவி: "ஏமாந்துட்டியாண்ணா?"

மச்சான் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்து, சக்கரத்துக்கு நேராக முகத்தை வைத்து, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார். கூரை மேல் ஒரு விரலால் இழுத்தார். விரல் நுனியைத் திருப்பிப் புழுதி ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்துப் பார்த்தார்.

கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"இப்ப சொல்லுங்க மச்சான், பொம்மையா, வண்டியா?"

என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"வண்டிய நெழல்ல போடு."