அழித்துவிட்டு ஓட்டிக் காட்டிய கோமதி

"சித்தி, அம்மா போயிட்டா" என்று கோமதியின் மகள் போனில் சொன்னபோது அடுப்பில் பால் இருந்தது. பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது. கோமதி பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

எண்பதுகளில் தென்காசிக் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் கணக்கு ஆசிரியைகள். அச்சன்புதூர் வயல்காட்டு வீட்டுப் பெண் அவள். இருவருமாக ஒரு பார்சர் ஜெனரேட்டர் எழுதினோம். அது என்னவென்று கேட்டால், "ஒரு கம்ப்யூட்டர் மொழியோட விதியை எழுதிக் கொடுத்தாப் போதும், அதைப் படிக்கத் தெரிஞ்ச புரோகிராமை அதுவே எழுதித் தந்துரும்" என்பாள். கணக்கில் வரும் சார்புகளைப் போன்ற ஃபங்ஷன்களைக் கொண்டே எல்லாவற்றையும் எழுதும் ஒரு சின்ன மொழிக்காக அதைச் செய்தோம். தென்காசியில் இரண்டு பொம்பளைகள்! சொல்லும்போதே இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்குக் காட்டினாலும், கருவி முன்பு எழுதித் தந்த அட்டவணையை, அதாவது அந்தப் புரோகிராம் பார்த்து நடக்கும் எண் வரிசைகளை, அழித்துவிட்டுக் கருவியைப் புதிதாக ஓட்டித்தான் காட்டுவாள். "வந்தவங்களுக்குப் பழசைச் சுட வச்சா போடுவாவ?" என்பாள்.

எங்கள் வேலையைப் பார்க்க மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் எங்கள் ஒரே கம்ப்யூட்டர் மதுரைக்குப் போய்விடும், அறை டைப்ரைட்டிங் வகுப்புக்கு. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நான் சோதித்தபோது ஒரு தப்பு கண்ணில் பட்டது. மூன்றை இரட்டித்து நாலைக் கூட்டினால் பத்து. எங்கள் புரோகிராமோ மூன்றையும் நாலையும் முதலில் கூட்டிப் பதினான்கு என்றது. 'இந்த இடத்தைப் படிக்க இரண்டு வழி இருக்கிறது' என்று கருவி ஏற்கெனவே என்னை எச்சரித்திருந்தது. விதியைத் திருத்தி ஓட்ட முக்கால் மணி நேரம் ஆகுமே என்று, அட்டவணையில் ஒரே ஒரு எண்ணை நான் கையால் மாற்றினேன். பத்து வந்தது. கோமதியிடம் சொல்லவில்லை.

மறுநாள் அவர்கள் டிபன் சாப்பிடும்போதே அவள் அட்டவணையை அழித்து ஓட்டத் தொடங்கிவிட்டாள். பக்கத்திலேயே நின்று அவர்களுக்குக் காபி ஊற்றினேன். நான் மாற்றிய எண்ணும் அட்டவணையோடு அழிந்தது. எல்லோர் முன்னாலும் திரையில் பதினான்கு.

கோமதி என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவர்களிடம் திரும்பினாள். "சார், கருவி மேல தப்பு இல்ல. அது முதல்லயே சொல்லிச்சு, நாங்கதான் கேக்கல. விதியைத் திருத்தி ஓட்டுதோம். குற்றாலத்துல நல்ல சாரல், குளிச்சிட்டு வாங்க, பத்து வந்திருக்கும்."

அவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். முதலில் பெருக்கல், பிறகு கூட்டல் என்று விதியை இரண்டு அடுக்காகப் பிரித்து எழுதியபடியே கோமதி கேட்டாள்: "ஏட்டி, நேத்து பத்து வந்துச்சே, அட்டவணையில கையை வச்சியா?"

"ஆமா."

"தெர்மாமீட்டரை உதறி இறக்கிட்டா காய்ச்சல் போயிருமாட்டி?"

திட்டு அவ்வளவுதான். ஈரத் தலையோடு அவர்கள் திரும்பியபோது திரையில் பத்து இருந்தது. பெரியவர் தானே ஏழெட்டுக் கணக்குகள் போட்டுப் பார்த்தார், எல்லாம் சரி. கம்ப்யூட்டர் தென்காசியிலேயே தங்கியது.

அந்தக் கதையைப் பின்னாளில் அவளே எத்தனையோ பேருக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட என் பெயர் வந்ததில்லை. அவளை அறிந்து இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும், தப்பில் அவளுக்கும் பங்கு என்றே நம்பியிருப்பீர்கள். கிடையாது. எண்ணை மாற்றியவள் நான், மறைத்தவளும் நான். அன்று அவள் சொன்ன 'நாங்க' மட்டும்தான் இனி என்னிடம் இருக்கிறது.