நாலு மூலை மஞ்சளும் முந்நூறு கேபியும்

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கண் அசரப் போனேன்... வாசலில் மோட்டார் சைக்கிள் ஹாரன்.

"அண்ணே, இருக்கீங்களா? அஞ்சு மணியோட மூடிருவாங்களாம்லா!"

நாலு வீடு தள்ளி இருக்கும் வள்ளி. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

வள்ளி ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் ஆயா. சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள். நாற்பத்து மூன்று வயதில் தனியாகப் படித்து எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு எழுதினாள். பாஸும் பண்ணிவிட்டாள்! இப்போது பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு மனு. சான்றிதழை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஏற்றினால் டீச்சராகலாம். விட்டால் இன்னும் ஒரு வருஷம் ஆயா.

"இவ்வளவுதானே, பத்து நிமிஷ வேலை" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சான்றிதழை வெளியே எடுத்தாள். நாலு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள்!

"சர்டிபிகேட்டுக்குப் போய் யாராவது மஞ்சள் வைப்பாங்களாம்மா?"

"கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோம்ல? இதுக்குப் பட்ட பாடு நான் கல்யாணத்துக்குக்கூடப் படலண்ணே."

சான்றிதழை வாங்கி ஸ்கேனரில் வைத்தேன். பழைய ஆபீஸ் கழித்துக்கட்டிய பெரிய ஸ்கேனர். மூடி உடைந்து வருஷக் கணக்காச்சு. மேலே மனைவியின் பூப்போட்ட பாத்தேக் துணியைப் போர்த்தித்தான் ஓட்டுவேன்.

ஃபைல் ஒன்பது எம்பி! அந்த இணையதளமோ முந்நூறு கேபிக்கு மேல் வாங்க மாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் துரத்தியது.

சுருக்கினேன். மறுபடி சுருக்கினேன். இருநூற்று எண்பது! ஜெயித்துவிட்டேன் என்று திறந்து காட்டினால்...

"அண்ணே, இது என் பேரா, இல்ல எறும்பு ஊருதா?"

மணி நாலேகால். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. மௌஸைத் தட்டினேன், இணையத்தைத் திட்டினேன். "இன்னும் அஞ்சு நிமிஷம் போனா என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டுரும்மா" என்றேன்.

வள்ளி சிரிக்கவில்லை. முதல் ஸ்கேனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே... அக்காவோட பாத்தேக்கையும் சேர்த்து ஏன் அனுப்புறீங்க?"

பார்த்தேன். படத்தில் பாதிக்கு மேல் துணி! ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு இலையும் நுணுக்கமாக விழுந்திருந்தது. இத்தனை நேரம் நான் சுருக்கியது சான்றிதழை இல்லை, என் மனைவியின் பூந்தோட்டத்தை. முப்பது வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இது தோன்றவில்லையே! வெட்கமாகப் போய்விட்டது.

துணியை வெட்டித் தள்ளினேன். ஃபைல் சடசடவென்று இறங்கியது, ஆனாலும் முந்நூறுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. உற்சாகத்தில் ஓரத்தையும் இன்னும் கொஞ்சம் ஒட்ட நறுக்கப் போனேன்.

"ஐயையோ, மஞ்சளை வெட்டாதீங்க!"

"அப்ப கறுப்பு வெள்ளையில போட்டுரலாமா? இன்னும் சின்னதாயிரும்."

"மஞ்சள் அழுக்கு மாதிரி தெரியாதா? கலர்லயே போடுங்கண்ணே. கெஞ்சிக் கேக்குறேன்லா."

மணி நாலு நாற்பது. ஸ்கேனரின் தெளிவை அங்குலத்துக்கு அறுநூறு புள்ளியிலிருந்து நூற்றைம்பதுக்கு இறக்கி, கலரிலேயே மறுபடி ஸ்கேன் பண்ணி, துணியை மட்டும் வெட்டினேன். எழுத்து பளிங்கு மாதிரி. நாலு மூலையும் மஞ்சள். அளவு... இருநூற்றுத் தொண்ணூற்றாறு!

ஏற்றினோம். பச்சை டிக் விழுந்தது. வள்ளி கை தட்டினாள், நான் விசிலடித்தேன், உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்து என்ன கலாட்டா என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று பாத்தேக்கை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

நமக்கு எதையும் சின்னதாக்கத் தெரிகிறது. எது வேண்டாதது என்று முதலில் பார்க்கத்தான் தெரிவதில்லை, இல்லையா?

நேற்று மறுபடி ஹாரன். வள்ளி கையில் கடிதம். இடம் கிடைத்துவிட்டது! ஒப்புதல் போராங்கை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டுமாம். போராங்கை வாங்கினால் விரலெல்லாம் பிசுபிசு. நாலு மூலையிலும் மஞ்சள், ஈரம்கூடக் காயவில்லை.

"வாங்க டீச்சர், நீங்களே வெட்டுங்க" என்று மௌஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஸ்கேனர் கண்ணாடியில் இப்போது நாலு மஞ்சள் பொட்டு. துடைக்கவில்லை... இனி எந்த ஃபைல் சிக்குகிறது என்று பார்த்துவிடுவோம்லா!