ஏழு கேம்களில் எழுத்து இல்லை

அந்தக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்தது அவளுடைய அக்காதான். வாயால் அல்ல, கையால். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக்கி ஒரு கண்ணில் வைத்து, மூக்கைச் சுளித்தால் அது தங்கை. நாலு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அக்காவுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயின. அன்றிலிருந்து வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான். அவள் கையால் சொன்னதை இங்கே வாயால் சொன்னது போலவே எழுதுகிறேன். அவள் வேகத்துக்கு வேறு எப்படியும் எழுத வராது.

தங்கை கடையில் இருப்பது ஒன்பதிலிருந்து ஆறு வரை. ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தை மெஷினில் தேய்ப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை. ஒருவர், இருவர் சேர்ந்து வீட்டிலேயே உருவாக்கும் சின்ன வீடியோ கேம்களுக்கு ஒரு இணையதளத்தில் விமர்சனம் எழுதினாள். எழுதிய பெயரும் பூதக்கண்ணாடிதான். ஆனால் அந்த விமர்சனங்களில் பாதி அக்காவுடையது. மருந்துக் கிடங்கில் பெட்டிகளின் தேதி சரிபார்க்கிறவள் அக்கா. திரையில் ஒரு ஓரத்தில் ஓர் இலை அசைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை தளத்தின் ஆசிரியர் செய்தி அனுப்பினார். பன்னிரண்டு சின்ன கேம்கள் ஒரே தொகுப்பாக, ஒரு கேமின் விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கின்றன. வரும் பணம் முழுவதும் காதுகேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போகிறது. சனிக்கிழமைக்குள் விமர்சனம் வேண்டும். அக்கா அதைப் படித்த அடுத்த நிமிடம் தன் கைக்காசைப் போட்டுத் தொகுப்பை வாங்கிவிட்டாள். விமர்சனத்துக்கு இலவசமாகவே கிடைக்கும் என்று தங்கை சொன்னதை அவள் கண்டுகொள்ளவில்லை. அவள் படித்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான்.

முதலில் போட்டது கலங்கரை விளக்கக் காவலாளி கேம். படம் மனதை அள்ளிக்கொண்டு போனது. கரும்பச்சைக் கடல், சுழலும் விளக்கு, மேசையில் ஒரு ரேடியோ. கப்பல் தலைவன் ரேடியோவில் வந்து தான் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று சொல்வான். அந்தப் பக்கம் விளக்கைத் திருப்ப வேண்டும். திரையில் தெரிந்தது ரேடியோவின் சிவப்புப் புள்ளி மட்டும். அவன் சொல்வதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அக்கா அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மூன்று இடம் இருந்தது. சப்டைட்டில் இல்லை.

“என்ன சொல்றான்?” என்றாள் அக்கா.

தங்கை கையால் சொல்லிக் காட்டத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் கப்பல் பாறையில் மோதியது. அடுத்ததும் மோதியது. நாலாவது கப்பலும் மூழ்கியதும் அக்கா கன்ட்ரோலரை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

“விடு. வேற ஏதாவது போடு.”

அந்த ‘விடு’தான் தங்கைக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. மருத்துவமனையில் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று அடுத்தவரை அனுப்பியபோதும் அக்கா கையை இப்படித்தான் உதறியிருக்கிறாள். ரயிலை நடைமேடை மாற்றி அறிவித்துவிட்டுப் போனபோதும் இப்படித்தான். முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கை ‘விடு’ என்று உதறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இது காதுகேளாதவர்களுக்காக என்று சொல்லி விற்ற பொருள் ஆயிற்றே!

புதன்கிழமைக்குள் பன்னிரண்டையும் பார்த்துவிட்டார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து அழைப்புகளை மாற்றிவிடும் கேம். சொட்டும் நீரின் சத்தத்தை வைத்து நிலவறையில் வழி தேடும் கேம். சாட்சிகளின் பேச்சைக் கேட்டுத் திருடனைப் பிடிக்கும் கேம். இப்படி ஏழில், காது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. மற்ற ஐந்தில் எந்தக் குறையும் இல்லை. அதில் கூரைமேல் பாசி வளர்க்கும் கேமை ஒரே ஒருவர்தான் செய்திருந்தார். மழை வரும் சத்தத்தைத் திரையின் ஓரத்தில் வளையம் வளையமாக விரிய விட்டிருந்தார். ஒண்டி ஆளால் முடிந்திருக்கிறது. அப்புறம் என்ன சாக்கு?

தங்கை ஒரே மூச்சில் எழுதினாள். எழுதியதை அக்கா படித்தாள். மூன்றாவது வரியில் அவள் முகம் மாறியது.

“‘பாவம் என் அக்கா’வா? யாருடி பாவம்? விளையாட முடிஞ்ச அஞ்சுல நாலுல உன்னைத் தோக்கடிச்சவ நான்.”

“உனக்காகத்தானே அக்கா எழுதுறேன்.”

“எனக்காக யாரும் அழ வேண்டாம். காசு குடுத்து வாங்கினேன், ஏழு வேலை செய்யல. அதை எழுது. இல்ல, தள்ளு, நானே எழுதுறேன்.”

அக்காவே எழுதினாள். ஒவ்வொரு கேமுக்கும் நாலு வரி: எந்த இடத்தில் நின்றுவிட்டது, திரையில் என்ன காட்டியிருந்தால் போதும், அவ்வளவுதான். பாசி கேமை மனமாரப் புகழ்ந்தாள். கடைசியில் தொகுப்புக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு, இரண்டு பேர் பெயரிலும் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை மதியம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் தங்கை தளத்தைத் திறந்து பார்த்தாள். ‘நல்ல மனசுக்கு நாலு நட்சத்திரம்’ என்று தலைப்பு. ஏழு கேம்களைப் பற்றிய பகுதியில் ஒரு வரிகூட இல்லை. அக்காவின் பெயரும் இல்லை. கீழே ‘பூதக்கண்ணாடி’ என்று மட்டும் இருந்தது. உடனே ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

“சார், நான் ரெண்டுதான் போட்டேன். நாலுன்னு யார் போட்டது?”

“கோவப்படாதம்மா. நல்ல காரியம் நடக்குது. எல்லாரும் இலவசமா குடுத்திருக்காங்க. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?”

“பல்லை விடுங்க சார். யாருக்காகத் தானம்னு சொல்றீங்களோ, அவங்களை மாட்டுக்கிட்டயே விடலையே! அதைச் சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம், விற்பனை முடியட்டும். இப்ப சொன்னா அந்தப் புள்ளைங்களுக்குத்தானே நஷ்டம்?”

“அந்தப் புள்ளைங்களே வாங்கி விளையாடுவாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

 “நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுற” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல், ஒரு பேருந்து ஓட்டுநரின் வலது லென்ஸை இடது பக்க அளவுக்குத் தேய்த்துக் கெடுத்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. காத்திருந்தவரிடம் தானே போய், “என் தப்பு சார், நாளைக்குத்தான் தர முடியும்” என்றாள். அவர், “பரவாயில்லம்மா” என்று எழுந்து போனார். ஒரு லென்ஸுக்குத் தான் தலைகுனிந்து நிற்க, ஏழு கேமுக்கு ஒருவரும் தலைகுனியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முழு விமர்சனத்தையும் தொகுப்பு விற்கும் பக்கத்திலேயே கருத்தாகப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில்கள். “காது கேட்கலன்னா படம் பாக்குற கேம் விளையாட வேண்டியதுதானே” என்று ஒருவர். “நல்லது செய்றவங்க வாயில மண்ணு போடாதீங்க” என்று இன்னொருவர். “நானும் அதே கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்டேன், எனக்கும் கேட்காது” என்று எழுதியவர்கள் ஆறு பேர். மறுநாள் காலையில் அந்தக் கருத்தே காணவில்லை. ‘நல்லெண்ணத்தைக் குலைக்கும் பதிவு’ என்று விற்பனை செய்கிறவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு பேர் எழுதியதும் அதோடு போயிற்று.

இந்தத் தடவை அக்கா ‘விடு’ என்று சொல்லவில்லை. ஆறு பேர் எழுதியதை அவளும் படித்திருந்தாள். ஏழு கேம்களையும் செய்தவர்களின் முகவரியைத் தேடிப் பிடித்து, ஆளுக்கு ஒரு கடிதம் தட்டினாள்.

மூன்று பேரிடமிருந்து பதிலே வரவில்லை. இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டு, செய்கிறோம் என்றார்கள். இணைப்பக கேமைச் செய்தவர், “இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், உங்கள் போன் நம்பர் தர முடியுமா?” என்று கேட்டிருந்தார். அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சோபாவில் கொட்டியது. தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

கலங்கரை விளக்கத்துக்காரர் எழுதியதுதான் அக்காவையே கொதிக்க வைத்தது: குரல் கொடுத்தவர்கள் பார்த்துப் படிப்பதற்காக எல்லா வசனத்தையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம், திரையில் காட்ட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, மன்னிக்கவும்.

“எழுதியே வச்சிருந்தாங்களாம்டி!” அக்காவின் கைகள் காற்றை வெட்டின. “கஷ்டம், முடியலன்னாகூட பரவாயில்ல. எழுதிப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சுட்டு, நம்ம பேர்ல வித்திருக்காங்க!”

ஒன்பது நாளில் அந்த கேமில் சப்டைட்டில் வந்தது. அதற்குள் தொகுப்பின் விற்பனை முடிந்திருந்தது. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து விளையாடி, ஒரு கப்பலைக்கூட மூழ்க விடாமல் முடித்தாள். முடித்துவிட்டுக் கன்ட்ரோலரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

“இதுக்கா இவ்வளவு சண்டை போட்டோம்? கதையே இல்லையே. கடைசில அந்தக் காவலாளியே பேய்னு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு.”

அன்று மாலையே தன் சொந்தப் பெயரில் விமர்சனம் போட்டாள்: சப்டைட்டில் அருமை, கதை சப்பை, இரண்டு நட்சத்திரம். செய்தவர் மனம் நொந்து எழுதினார்: உங்களுக்காகத்தானே ஒன்பது நாள் உழைத்தோம், இப்படிச் செய்யலாமா?

அக்கா பதில் எழுதினாள்: “எனக்காகச் செய்தது சப்டைட்டில். அதைப் புகழ்ந்திருக்கிறேன். கதை எல்லாருக்காகவும் செய்தது. அதில் நானும் ஒருத்தி.”

ஏழில் நாலு கேம்களில் இப்போது எழுத்து இருக்கிறது. இணைப்பக கேமைச் செய்தவர் கடைசியில் கடிதத்திலேயே விரிவாகப் பேசினார். மற்ற மூன்றும் இப்போது தனித்தனியாக, அப்படியேதான் விற்கின்றன. தங்கை அந்தத் தளத்துக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். இப்போது இருவரும் தாங்களே ஒரு பக்கம் திறந்து, எந்த கேமைக் காது இல்லாமல் விளையாட முடியும் என்பதையும் சேர்த்து எழுதுகிறார்கள். தங்கை போடாத நாலு நட்சத்திரம் மட்டும் பழைய தளத்தில் அவள் பெயருக்கு மேல் இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது. எடுக்கச் சொல்லிப் பதினோரு தடவை எழுதிவிட்டாள். “நல்ல காரியத்துக்காகப் போட்டதும்மா, இருந்துட்டுப் போகட்டும்” என்கிறார் ஆசிரியர்.