மீட்டருக்கு வைத்த பொட்டு

அண்ணி வீட்டுப் பூஜை அலமாரியில், சாமி படங்களுக்குக் கீழே, சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு மீட்டர் இருக்கிறது. பெயின்ட்பால் துப்பாக்கியிலிருந்து குண்டு எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது என்று காட்டும் கருவி அது. இப்போது யாருக்கும் அதனால் உபயோகமில்லை. அதன் கண்ணாடியின் வலது மூலையில் நகத்தால் சுரண்டிய கீறல் ஒன்று உண்டு.

அண்ணனும் அண்ணியும் கரியாலூர்ப் பக்கம் மலைமேல் குத்தகை நிலத்தில் வலை கட்டி, அணி பிரிந்து சுட்டு விளையாடும் பெயின்ட்பால் திடல் நடத்திய காலம். நானும் கூட இருந்தேன். அண்ணி வடக்கனந்தலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். குண்டு என்றால் உள்ளே சாயம் அடைத்த கோலிக்குண்டு மாதிரிதான். பட்டால் உடைந்து சட்டை சிவக்கும், அவ்வளவுதான். வேகம் கூடினால் அது விளையாட்டு இல்லை. முகக் கவசத்தையே உடைத்துவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் அளந்தாக வேண்டும். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கவசம் போட்டிருக்க வேண்டும். குழலை வெற்று மண்மேட்டைப் பார்த்துப் பிடித்துச் சிலமுறை சுட்டு, வந்ததில் எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார் அண்ணி. நொடிக்கு இருநூற்று எண்பது அடிக்கு மேல் போனால் திருகைத் திருப்பி வேகத்தைக் குறைப்பார். வெயில் ஏறி, குண்டைத் தள்ளும் காஸ் சிலிண்டர் சூடானால் வேகமும் ஏறும் என்று மறுபடி அளப்பார். "அடி ஏறிச்சின்னா அது அடி இல்ல தம்பி, அடி!" என்பார். கேட்டுச் சிரிப்போம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த குளிர்காலம் அது. கீழே மறியல் என்று பஸ் ஏறவில்லை. பொருள் வாங்கப் போன அண்ணன் கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டார். முந்தின நாள் வேன் பிடித்து வந்திருந்த கல்லூரிப் பையன்கள் சிலரும் இறங்க முடியாமல் எங்களிடம் தங்கினார்கள். வரும்போது ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். காலையில் போனில் வந்த ஏதோ செய்தியை வைத்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேச்சு முற்றியது. டீ ஆறிப்போனது. நேற்று சீட்டுக் குலுக்கி அணி பிரித்தவர்கள், இன்று எங்களைக் கேட்காமலே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். எப்படிப் பிரிந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

"இன்னிக்கு ஆட்டம் வேணாங்க அண்ணி" என்றேன்.

"துப்பாக்கி குடுக்கலன்னா கல்ல எடுப்பானுங்க. அளந்துகினே இருப்போம், அதுக்குள்ள சூடு தணியும்" என்றார்.

முதல் அணியின் துப்பாக்கிகளை நிதானமாக அளந்தார். எல்லாம் இருநூற்று எழுபதை ஒட்டியே வந்தன. அப்போது மீட்டர் சத்தம் போட்டு அணைந்தது. அண்ணி பேட்டரி மாற்றினார். அடுத்த அணியின் முதல் துப்பாக்கியை வைத்துச் சுட்டதும் எண்பத்து நான்கு என்று காட்டியது. மறுபடி சுட்டார். அதே எண்பத்து நான்கு.

அந்த அணியில் நெட்டையாக இருந்தவன் எட்டிப் பார்த்தான். "அவங்களுக்கு எரநூத்தி எழுவது, எங்களுக்கு எம்பத்தி நாலா? நீங்க எந்த ஆளுங்க?"

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. இந்தக் கேள்வியை அந்தத் திடலில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்குள் அவன் திருகுச் சாவியைப் பிடுங்கி, வேகத்தைக் கூட்டி, மேட்டைப் பார்த்துச் சுட்டான். தொண்ணூற்று ஏழு. "இன்னும் கம்மிதான்!" என்று சாவியை மறுபடி செருகினான். வலைக்கு அந்தப் பக்கம், நேற்று வரை அவனோடு ஒரே அறையில் இருந்தவன் கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எங்க, சுடுடா பாப்போம்!" என்று கேலி செய்தான். நெட்டையன் குழலை அவன் பக்கம் திருப்பினான்.

அண்ணி குழல் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"மூஞ்சிய மூடுடா!" என்று வலைக்கு அந்தப் பக்கம் கத்தினார். பிறகு நெட்டையனிடம் தணிந்த குரலில், "நான் எந்த ஆளுன்னு அப்பறம் சொல்றேன். அவங்க துப்பாக்கிய இப்ப வெச்சிப் பாப்போம், வா" என்றார்.

சற்றுமுன் இருநூற்று எழுபத்திரண்டு காட்டிய துப்பாக்கி, இப்போது எண்பத்து மூன்று காட்டியது. அண்ணி மீட்டரைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மூலையில் கல்லாகக் காய்ந்து கிடந்தன. நகத்தால் சுரண்டினார். உள்ளே, நொடிக்கு இத்தனை மீட்டர் என்று குறிக்கும் பொடி எழுத்து தெரிந்தது. பேட்டரி மாற்றியதும் கருவி அடிக்கணக்கை விட்டு மீட்டர் கணக்குக்குத் தாவியிருந்தது. எப்போதும் அண்ணன்தான் அதைச் சரிசெய்து தருவார். எங்களுக்குத் தெரியாது.

நெட்டையன் மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் ஏத்துனது எவ்ளோங்க?"

போனில் கணக்குப் போட்டேன். "முன்னூத்தி பதினெட்டு அடி."

அவன் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நண்பனின் கவசம் இப்போது இறங்கியிருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் குந்தி அழுதான். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை. யார் பங்கு எவ்வளவு என்ற வழக்கு வேறு. அது நியாயமான பெரிய வழக்கு, ஒரு மீட்டரில் தீர்வதல்ல. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஒரு பையனுக்குக் கண் மிஞ்சியது என்பதுதான்.

குத்தகை முடிந்து திடலை மூடிவிட்டோம். ஆனால் ஆயுத பூஜைக்கு மீட்டர் தவறாமல் மனைப்பலகைக்கு வந்துவிடும். போன வருஷம் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, பழக்கத்தில் கண்ணாடிப் பக்கம் விரலைக் கொண்டுபோனேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அன்று குழலைப் பொத்திய அதே கை. இன்னும் அதே இறுக்கம்.

"மூஞ்சில வேணாம் தம்பி," என்றார். "முதுகுல வைங்க."