மரத்தில் தொங்கிய போன்

போன வாரம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஓர் ஆளைத் தேடினோம். அவன் இருக்கும் இடம் எல்லார் போனிலும் தெரிந்தது. ஆளைத்தான் காணோம்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, பாலோவில் லாரி, இப்போது சிம்பாங் ரெங்கம் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை வெட்டு. உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

குலை வெட்டுகிறவர்கள் போனைச் சட்டைப் பையில் வைப்பதில்லை. மேலே குலை, கீழே கால்வாய்... எதில் அடிபட்டாலும் போன் போச்சு. அதனால் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, நிரையின் முதல் மரத்தில் தொங்கவிட்டுவிடுவோம். அன்று காலை எங்களோடு வெட்டுகிற குணாவும் அதைத்தான் செய்தான்.

"கொரங்கு தூக்கிட்டுப் போயிரும்டா," என்றேன்.

"கொரங்குக்கு பாஸ்வர்ட் தெரியாதுலா அண்ணே."

மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மனைவி சரோஜா அழைத்தாள். புருஷன் எங்கே குடிக்க ஒதுங்குகிறான் என்று பார்க்கவே அவன் இருப்பிடத்தைத் தன் போனில் தெரியும்படி வைத்திருந்தவள்.

"அண்ணே, சாப்பாட்டு நேரத்துக்கு கூப்பிடுவாரு, இன்னிக்கு கூப்பிடல. புள்ளியும் நகரவே மாட்டேங்குது."

எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னேன்; அவர் சரோஜா அனுப்பிய இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வெட்டுகிற ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டோம். சரோஜாவும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். குணாவின் போன் மரத்தில் தொங்கி அலறிக்கொண்டிருந்தது.

"போன் இங்க இருக்கு, ஆளு எங்க போயிருவான்? சுத்தி பாருங்க," என்றார் மண்டோர்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். "கெடச்சானா?" "கெடச்சானா?" என்று குழுவில் ஆபீஸ்காரர்களின் செய்தி மேல் செய்தி. பத்துப் பேர் போனும் சிணுங்கியது.

"அந்தச் சனியன அடைங்க!" என்று கத்தினாள் சரோஜா. "கொஞ்சம் சும்மா நில்லுங்களேன்!"

நின்றோம். அப்போதுதான் கேட்டது. தூரத்தில், கம்பியில் கல் தட்டுகிற சத்தம். டங்... டங்...

"அடுத்த பிளாக்ல யாரோ வேலை செய்றாங்கம்மா," என்றார் மண்டோர்.

"வேலை செய்றவன் பூரா இங்கதானே நிக்கிறீங்க!"

ஓடினோம். பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது.

குணா போனை எடுக்க மறந்து நாலைந்து நிரை தாண்டிப் போயிருக்கிறான். குலை நெஞ்சில் விழுந்திருக்கிறது. கூப்பிட மூச்சு இல்லை. கால்வாய் ஓரம் கிடந்தான். பக்கத்தில் குலை வெட்டும் நீளமான அரிவாள் கம்பி, கையில் கல். மண்டோரின் வண்டியில் ஏற்றினோம். எக்ஸ்பிரஸ்வே இரைச்சல் கேட்கிற இடம் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

குகையில் வாழ்ந்த ஆதிமனிதனும் இப்படித்தானே தட்டியிருப்பான் — 'நான் இங்கே இருக்கிறேன்' என்று? போனும் அதே வேலையைத்தான் செய்கிறது, வானம் வரைக்கும் போய்வந்து. ஒரே வித்தியாசம்... ஆள் இல்லாவிட்டாலும் போன் 'இங்கே' என்று சொல்லும். கல் அப்படிச் சொல்லாது. தட்ட ஒரு கை வேண்டும்.

போன் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்று மறுநாள் உத்தரவு வந்தது. தலையாட்டிவிட்டு மரத்தில்தான் மாட்டினோம். ஆனால் இப்போது ஒரு நிரை முடிந்ததும் அரிவாள் கம்பியில் கல்லால் தட்டுகிறோம். பக்கத்து ஆளிடமிருந்து பதில் தட்டு வந்த பிறகுதான் அடுத்த நிரை.

நேற்று ஒரு பதில் வரவில்லை. எல்லாரும் ஓடினோம். வங்காளதேசத்து ஆள் ஒருவன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

யாரும் அவனைத் திட்டவில்லை.